எதை எதனோடு ஒப்பிட?

மத்திய பட்ஜெட் வெளியான மறுநாள் செய்தித்தாள்களில் தவறாமல் இடம்பிடிக்கும் படம் ஒன்று உண்டு. ரூபாய் நாணயம் போன்ற ஒரு வட்டம், கேக் வெட்டியது மாதிரி துண்டு துண்டாக இருக்கும். 'ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது' என்று தலைப்பு. 2025-26 பட்ஜெட்டின்படி, அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன், 22 காசு வருமான வரி, 18 காசு ஜிஎஸ்டி, 17 காசு நிறுவன வரி. மிச்சமுள்ள 19 காசு கலால், சுங்கம், வரியல்லாத வருவாய் என்று சில்லறையாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தப் படத்தில் எண்களை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். ஜிஎஸ்டி பெரிதா, நிறுவன வரி பெரிதா? 18 காசுத் துண்டின் கோணம் 64.8 பாகை, 17 காசுத் துண்டின் கோணம் 61.2 பாகை. ஒன்று மேலே பார்த்தும் இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்தும் கிடக்கும்போது, 3.6 பாகை வித்தியாசத்தைக் கோணமானி இல்லாமல் சொல்லக்கூடிய கண் அபூர்வம். ஆக, அந்தப் படத்திலிருந்து நாம் தெரிந்துகொண்டதெல்லாம் எண்களைப் படித்துத் தெரிந்துகொண்டவையே. படம் எண்களுக்குச் சட்டம் போட்டு மாட்டியதோடு சரி.

தகவல் படம், விளக்கப்படம், இன்ஃபோகிராஃபிக் என்று பெயர்கள் பல. அதை நன்றாக வரைவது எப்படி என்று கேட்டால் நிறம், எழுத்துரு, சின்னங்கள், வெற்றிடம் பற்றி நிறைய அறிவுரை கிடைக்கும். அவையெல்லாம் தேவைதான்; ஆனால் இரண்டாம் கட்ட வேலை. வாசகர் எந்தக் கேள்வியோடு வருகிறார், அதற்கு விடை காண எதை எதனோடு ஒப்பிட வேண்டும், அந்த ஒப்பீட்டை அவருடைய கண் சிரமமில்லாமல் செய்ய முடிகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தனியாக நிற்கும் எண் ஊமை. 17 காசு அதிகமா குறைவா என்பது அதன் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அப்படிப் பக்கத்தில் வைத்துக் காட்டும் கருவிதான் விளக்கப்படம், தராசு மாதிரி. தட்டில் எத்தனை பூ வேலைப்பாடு இருந்தாலும், முள் சரியாக நிற்காவிட்டால் அதை வைத்து வியாபாரம் செய்ய முடியாது.

கண்ணும் ஓர் அளவுகருவி. அதற்குக் கைவந்த வேலையும் உண்டு, வராத வேலையும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதைச் சோதனை செய்து 1984இல் வெளியிட்டார்கள். இரண்டு பட்டைகளையோ இரண்டு துண்டுகளையோ காட்டி, சிறியது பெரியதில் எத்தனை சதவீதம் என்று ஆட்களிடம் கேட்டார்கள். பொதுவான ஓர் அளவுகோலின் மேல் எது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வதில் மனிதர்கள் மிகத் துல்லியமாக இருந்தார்கள். கோணத்தைக் கொண்டு சொல்லும்போது பிழை ஏறக்குறைய இரு மடங்கானது. இப்படிச் சேர்ந்த சான்றுகளைக் கொண்டு அவர்கள் ஒரு வரிசை அமைத்தார்கள். பொது அளவுகோலில் இடம் முதலில். அடுத்து நீளம், கோணம், பரப்பு, கன அளவு, கடைசியில் நிறத்தின் அடர்த்தி. உளவியலாளர் ஸ்டீவன்ஸின் ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. ஒரு கோட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் நமக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகவே படுகிறது. ஒரு வட்டத்தின் பரப்பை நான்கு மடங்காக்கினாலோ, சராசரியாக இரண்டரை மடங்கை ஒட்டித்தான் படுகிறது. பட்டை விளக்கப்படத்தை 1786இலும் வட்ட விளக்கப்படத்தை 1801இலும் அச்சேற்றியவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். ஒரே ஆளின் இரண்டு பிள்ளைகளையும் உலகம் சமமாகக் கொஞ்சியது. கண் மட்டும் மூத்ததன் பக்கமே நின்றது.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்பே, தொழிலனுபவத்தால் இதைக் கண்டுகொண்டவர் ஆட்டோ நியூராத். சாதாரணத் தொழிலாளர்களுக்குச் சமூகப் புள்ளிவிவரங்களைப் புரியவைக்க வியன்னாவில் 1925இல் அவர் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். அங்கே உருவான படமொழிதான் பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்றது. அதன் தலையாய விதி ஒன்றே: அதிக எண்ணிக்கையைக் காட்ட அதிகச் சின்னங்களைப் போடு, சின்னத்தைப் பெரிதாக்காதே. நெல் விளைச்சல் இரட்டிப்பானதைக் காட்ட மூட்டையின் உயரத்தை இரட்டிப்பாக்குவதாக வைத்துக்கொள்வோம். அகலமும் கூடவே இரட்டிப்பாகும். தாளில் மூட்டை அடைக்கும் பரப்பு நான்கு மடங்காகும். மூட்டை கனமுள்ள பொருள் என்று நினைத்துப் பார்க்கும் மனமோ அதை எட்டு மடங்காகவும் எண்ணிக்கொள்ளலாம். ஒரே படம் இரண்டு, நான்கு, எட்டு என்று மூன்று விடை சொல்கிறது. இரண்டு மூட்டைகளை வரிசையாக வைத்தால் குழப்பமே இல்லை, எண்ணிவிடலாம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, புகழ்பெற்ற ஒரு படத்தை நெருங்கிப் பார்ப்போம். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் எதனால் இறந்தார்கள் என்பதைக் காட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட ரோஜா வடிவப் படம் அது. இரண்டு வட்டங்கள். ஒன்று 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை. மற்றது அதற்கடுத்த ஆண்டு. ஒவ்வொரு மாதத்துக்கும் மையத்திலிருந்து விரியும் ஓர் இதழ். தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் வந்த சாவு நீலம், போர்க்காயத்தால் வந்தது சிவப்பு, மற்றவை கறுப்பு. 1855 ஜனவரியில் படையின் பலம் 32,393 பேர். அந்த ஒரு மாதத்தில் தொற்றுநோய்க்கு 2,761 பேரும் காயங்களுக்கு 83 பேரும் பலியானார்கள். அவர் இதை ஆயிரம் பேருக்கு ஆண்டு வீதமாக மாற்றினார்: நோய்க்கு 1,022.8, காயத்துக்கு 30.7. அதாவது அந்த மாதத்தின் வேகம் நீடித்து, இறந்தவர் இடத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தாலும், ஓராண்டில் ஒரு முழுப் படைக்கு நிகரானவர்களை நோயே தின்றிருக்கும். 2,761 என்ற எண் பரிதாபத்தை வரவழைக்கும். ஆயிரத்துக்கு 1,022.8 என்பது நிர்வாகத்தைக் கூண்டில் ஏற்றும். படையின் பலத்தோடு ஒப்பிட்டதால் வந்த வித்தியாசம் இது. படம் வரையத் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை இங்கே முடிந்துவிட்டது.

ஆனால் வரைந்த விதம்? தொடக்கத்தில் அவர் மையத்திலிருந்து உள்ள தூரத்தையே வீதமாக வைத்துப் படங்கள் வரைந்தார். அப்படிச் செய்தால் வீதம் இரட்டிப்பாகும்போது பரப்பு நான்கு மடங்காகத் தெரியும். மிகைப்படுத்தல் என்று உணர்ந்து, பரப்பே வீதத்தைக் குறிக்குமாறு மாற்றினார். நேர்மையான திருத்தம்தான், ஆனால் கண் வேறொரு விலை கேட்டது. 1855 ஜனவரியில் நோய்ச்சாவு காயச்சாவைப் போல 33 மடங்கு. ரோஜாவின் நீல இதழோ சிவப்பு இதழைவிட ஆறு மடங்குகூட நீளமில்லை. நீளத்தை நம்பும் கண் அங்கே கிட்டத்தட்ட ஆறைத்தான் காணும். சாதாரணப் பட்டைகளாக வரைந்திருந்தால் 33 மடங்கு அப்படியே நிமிர்ந்து நின்றிருக்கும். அப்படியானால் ரோஜா தோல்வியா? அவசரப்பட வேண்டாம். இரண்டு வட்டங்களிலும் ஒரே மாதம் ஒரே திசையில் இருக்கிறது. ஆகவே குளிர்காலத்தைக் குளிர்காலத்தோடு ஒப்பிட முடிகிறது. 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்து சாக்கடைகளையும் காற்றோட்டத்தையும் சீர்செய்யத் தொடங்கியது. மறு ஜனவரியில் 44,212 பேர் கொண்ட படையில் தொற்றுநோய்க்குப் பலியானவர்கள் 42 பேர், வீதம் 11.4. சரிவுக்குச் சுகாதாரம் எவ்வளவு காரணம், முற்றுகை முடிந்ததும் உணவும் உடையும் சீரானதும் எவ்வளவு காரணம் என்பது விவாதத்துக்குரியது. எப்படியானாலும் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு ரோஜா மழுப்பலான விடை. 'போன குளிரோடு பார்த்தால்?' என்ற கேள்விக்கு நல்ல விடை. ஒரே படத்தைப் பாராட்டுவதும் குறைசொல்வதும், எந்த ஒப்பீட்டை அதனிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கண்ணுக்குக் கடினமான ஒப்பீடு ஒரு குறை. ஒப்பிட வேண்டியதே படத்தில் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய குறை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவப்பட்டு 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தங்கள் வேலையைச் செய்யத் தவறியதே மூலகாரணம். முந்தைய இரவு தொலைபேசிக் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டதும் இதே கவலைதான். வளையங்கள் சேதமடைந்த பயணங்களை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்தால், சுமார் 12 பாகை செல்சியஸிலும் சேதம் இருந்தது, 24 பாகையிலும் இருந்தது. ஆகவே குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்று தோன்றும். விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் சேதமில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. ஏறக்குறைய 19 பாகையிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3இல் மட்டுமே சேதம். அதைவிடக் குளிரில் நடந்த 4 பயணங்களில் நான்கிலும் சேதம். சேலஞ்சர் ஏவப்பட்டபோது காற்றின் வெப்பநிலையோ சுமார் 2 பாகை. சேதமடைந்த பயணங்களை மட்டும் பார்ப்பது, நோயாளிகளை மட்டும் பார்த்து நோய்க்குக் காரணம் தேடுவது போன்ற பிழை; நோய் வராதவர்களையும் பார்த்தால்தான் காரணம் தெரியும். ஒரு நல்ல படம் இருந்திருந்தால் விபத்து நடந்திருக்காது என்று சிலர் சொல்வது மிகை. பொறியாளர்கள் அன்றிரவே ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். முடிவை எடுத்தது நிர்வாகம். வேண்டிய தரவு முழுவதும் அப்போது அவர்கள் கையில் இருந்ததா என்பதிலும் பின்னாளில் சர்ச்சை எழுந்தது. அதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும் ஒன்று மிஞ்சும்: மேசைமேல் இல்லாத ஒப்பீட்டை எந்த அழகான வடிவமைப்பும் ஈடுசெய்யாது.

ஒப்பீடு இருந்தும் தவறான பொருளை ஒப்பிடுவது மூன்றாவது வகை. தேர்தல் முடிவு வந்த இரவில் தொலைக்காட்சித் திரையை நிறைக்கும் இந்திய வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். லடாக், பரப்பில் நாட்டிலேயே பெரிய மக்களவைத் தொகுதி. அதன் வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. தென்சென்னையில் சுமார் 20 லட்சம் வாக்காளர்கள். திரையில் அது ஒரு புள்ளி. இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஆளுக்கு ஓர் இருக்கைதான். வெற்றி யாருக்கு என்று அறிய வந்தவருடைய கண், மலைகளின் பரப்பை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எந்த வட்டாரத்தில் யார் வென்றார்கள் என்ற கேள்விக்கு அந்த வரைபடம் சரி. யாருக்கு எத்தனை இடம் என்ற கேள்விக்கு, தொகுதிக்கு ஒரு சதுரமாக ஒரே அளவில் அடுக்கிய 543 கட்டங்கள் வேண்டும். கட்டங்களில் இந்தியாவின் உருவம் கொஞ்சம் கோணலாகும். ஆனால் எண்ணிக்கை நேராகும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில. முதலாவது: படமே எதற்கு, எண்களைக் கொடுத்துவிட்டால் போதாதா? சில வேலைகளுக்குப் போதும். வைகை எக்ஸ்பிரஸ் விழுப்புரத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று பார்க்க அட்டவணையை மிஞ்சிய படம் கிடையாது. ஒற்றை எண்ணைத் தேடி எடுப்பது அட்டவணையின் வேலை. எண்களுக்கிடையே உள்ள உறவைக் காண்பது படத்தின் வேலை. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, ஒட்டுறவுக் கெழு 0.82, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. கணக்கு மட்டும் போட்டால் நான்கும் ஒரே அச்சு. வரைந்து பார்த்தாலோ, ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்றில் எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டில் நிற்க ஒன்று மட்டும் விலகி ஓடுகிறது, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி முழு உறவையும் தனியாகத் தாங்கி நிற்கிறது. சுருக்கிய எண்கள் மறைத்ததைக் கண் ஒரு நொடியில் பிடித்துவிடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் பலமானது. துல்லியம் துல்லியம் என்று சொல்லி எல்லாவற்றையும் சாம்பல் நிறப் பட்டைகளாக்கினால் யார் பார்ப்பார்கள்? விளக்கப்படங்களைப் பற்றி எட்வர்ட் டஃப்டி 1983இல் எழுதிய நூல், தரவைச் சொல்லாத மையைக் குறைக்கச் சொன்னது; அலங்காரத்தைக் குப்பை என்றே தள்ளியது. 2010இல் கனடாவில் நடந்த ஒரு சோதனை அந்த உறுதியைச் சற்று அசைத்தது. இதழ்களுக்கு நைஜல் ஹோம்ஸ் வரைந்த, சித்திரங்கள் நிறைந்த படங்களையும் அவற்றின் எளிய வடிவங்களையும் ஒப்பிட்டார்கள். புரிந்துகொள்வதில் துல்லியம் குறையவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது சித்திரம் போட்டவையே நன்றாக நினைவில் இருந்தன. சிறிய சோதனைதான் என்றாலும் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அது எதை நிறுவுகிறது? ஹோம்ஸின் படங்களில் சித்திரம் பேசுபொருளையே பேசியது, அளவைக் காட்டும் பட்டையை மறைக்காமல் பேசியது. பட்டைகளை முப்பரிமாணமாகச் சாய்த்து, முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் தெரியவைக்கும் அலங்காரம் வேறு ரகம். அது ஒப்பீட்டின் மேலேயே ஏறி உட்காருகிறது. கோலத்தில் புள்ளிகளைச் சுற்றி எவ்வளவு வளைத்தாலும் புள்ளி கலைவதில்லை. அலங்காரத்துக்கு அந்த எல்லை போதும்.

இதே பார்வை, விதிகளைப் பற்றிய சண்டைகளையும் தீர்த்துவைக்கிறது. அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டுமா? பட்டையில் ஆம், ஏனென்றால் அங்கே கண் நீளத்தை ஒப்பிடுகிறது. 50ஐயும் 52ஐயும் 48இல் தொடங்கும் அச்சில் வரைந்தால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல இரு மடங்கு உயரம். கோட்டு விளக்கப்படத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால், 37 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையே உள்ள ஆபத்து ஒரு சின்ன மேடாகக் கரைந்துவிடும். வட்ட விளக்கப்படமும் முற்றாக விலக்கத்தக்கதல்ல. பாதிக்கு மேலா கீழா, கால்வாசியா என்று கேட்டால் அது சட்டென்று சொல்லும், ஏனென்றால் நேர்கோணமும் செங்கோணமும் கண்ணுக்குப் பழக்கம். நிறத்துக்கும் இதே கணக்குதான். ஆண்களில் நூற்றில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. முக்கியமான வேறுபாட்டை அந்த இரண்டு நிறங்களிடம் மட்டும் ஒப்படைத்தால், அவர்களுக்கு அந்த ஒப்பீடே இல்லாமல் போகிறது.

மூன்றாவது எதிர்வாதம் ஆழமானது. எந்த ஒப்பீட்டைக் காட்டுவது என்று முடிவுசெய்பவர் படம் வரைபவர்தானே. அப்படியானால் ஒவ்வொரு படமும் ஒரு கட்சிதானே? கொரோனா காலத்தில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. சாதாரண அளவுகோலில் கோடு செங்குத்தாக ஏறி அச்சமூட்டும்; ஒவ்வொரு படியும் பத்து மடங்காகும் மடக்கை அளவுகோலில் அதே கோடு அமைதியாக வளைந்து படியும். இரண்டும் பொய் சொல்லவில்லை. இன்று எத்தனை பேர் கூடினார்கள் என்பதை முதலாவது சொல்கிறது. எத்தனை நாளில் இரட்டிப்பாகிறது என்பதை இரண்டாவது சொல்கிறது. மருத்துவமனைப் படுக்கைகளை எண்ணுபவருக்கு முதலாவது வேண்டும். பரவலின் வேகம் குறைகிறதா என்று பார்ப்பவருக்கு இரண்டாவது. தேர்வு செய்யாமல் படமே வரைய முடியாது. ஆகவே தேர்வு செய்வது குற்றமாகாது. எந்த அளவுகோல், எதோடு ஒப்பீடு, எதைச் சேர்க்கவில்லை என்பதைப் படத்தின் மேலேயே எழுதிவைப்பதுதான் கடமை. வாசகர் அப்போது விடையோடு சேர்த்துக் கேள்வியையும் பார்க்கிறார்; வேண்டுமானால் வேறு கேள்வி கேட்கவும் அவருக்கு வழி இருக்கிறது.

இப்போது அந்த ரூபாய் நாணயத்தைத் திரும்ப எடுத்து, வட்டத்தைக் கலைத்துவிடுவோம். இடப்பக்கம் 2024 ஜூலையில் வந்த பட்ஜெட், வலப்பக்கம் 2025-26. ஒவ்வொரு வருவாய்க்கும் இரண்டு புள்ளி, நடுவே ஒரு கோடு. ஜிஎஸ்டி 18லிருந்து 18, நிறுவன வரி 17லிருந்து 17. இரண்டும் படுத்த கோடுகள். கடன் 27லிருந்து 24க்கு இறங்குகிறது. வருமான வரி 19லிருந்து 22க்கு ஏறுகிறது. மூன்று காசு இறங்கிய கோடும் மூன்று காசு ஏறிய கோடும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நிற்பது எண்ணைப் படிக்காமலே தெரிகிறது. இரண்டு நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது. படம் இன்னொன்றையும் கேட்கத் தூண்டும்: இவை பங்குகள்தானே, மொத்தத் தொகை? 48.21 லட்சம் கோடி ரூபாயாக இருந்த பட்ஜெட் 50.65 லட்சம் கோடியாகியிருக்கிறது. நாணயம் மட்டும் ஆண்டுதோறும் ஒரே அளவில்தான் அச்சாகிறது. 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்த அதே பட்ஜெட்டில் வருமான வரியின் பங்கு எப்படிக் கூடுகிறது என்று கேட்பவரும் இருப்பார். நான்கு கோடுகள் அதற்கு விடை சொல்லாது. ஆனால் வட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்க வேண்டியவரை அந்தக் கோடுகள் நிறுத்திக் கேட்கவைக்கின்றன.